நான் லதா... சாமி லாதா!

உங்க காலேஜ்ல ‘லதா’ங்கிற பேர்ல யாராவது இருக்காங்களா? இருந்தால் லைப்ரேரியனாகவோ ஆபீஸ் சூப்பிரண்டாகவோதான் இருப்பார். கூடப் படிக்கிறவளாக இருக்க சான்ஸே இல்லை. நான் ப்ளஸ் டூ படித்தபோது என் க்ளாஸில் மூன்று திவ்யா, இரண்டு ஐஸ்வர்யா, ஒரு ஸ்வேதா. நடுவில் நான் மட்டும் லதா. எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்கும் அதே பேர். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது தன் பேரைத் தானே கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பார். கடைசி பெஞ்ச் மொத்தமும் என்னைப் பார்த்து, “எஸ் மிஸ்” என்று கத்தும்.

1989-ல் பிறந்தவளுக்கு அப்படி ஒரு பழைய பேரை வைத்தது எங்க அப்பத்தா. மானாமதுரைப் பக்கம் ஒரு கிராமம். பேர் வைக்கிற அன்றைக்கு அப்பா வேறு ஏதோ பேர் முடிவு பண்ணியிருந்தாராம். எல்லாரும் பந்திக்கு இலை போடுகிற மும்முரத்தில் இருந்தபோது, அப்பத்தா என்னைத் தூக்கி, காதில் மூன்று தடவை ‘லதா’ என்று சொல்லி, நாக்கில் சர்க்கரைத் தண்ணியும் வைத்துவிட்டது. காதுல சொன்ன பேரை மாத்தக் கூடாதே! மேட்டர் ஓவர்.

அப்பா மாற்றவில்லை. ஆனால், அந்தப் பேரைச் சொல்லி என்னை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதும் இல்லை. ‘பாப்பா’தான். ஸ்கூலில், பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டில்... எங்கேயும் பாப்பா.

காரணம் ஊருக்கே தெரியும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். லதா என்பது என் அத்தை பேர். அப்பாவின் ஒரே தங்கச்சி. 1986-ல் வேற சாதிப் பையனோடு போய்விட்டார். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தர் பிறக்கவே இல்லை என்பது மாதிரி எல்லாரும் நடித்தார்கள்.

எனக்குக் கிடைத்தது மூன்றே மூன்று துண்டு. அரிசிப் பானைக்குள் துணியில் சுற்றி வைத்திருந்த, ரெட்டை ஜடை போட்ட ஒரு போட்டோ. மூடி தொலைந்த ஹீரோ பேனா. அப்புறம், அப்பத்தா என்னைத் தூங்க வைக்கும்போது பாடும் தாலாட்டு. அதில் ஒவ்வொரு அடி முடிவிலும் ‘லதா... லதா’ என்று வரும். அது நான்தான் என்று நினைத்துக்கொண்டு சுகமாகத் தூங்கிப் போவேன்.

இந்த மூணு துண்டை வெச்சு ஒரு அத்தையைக் கட்டணும்னா என்ன பண்ணுவீங்க? நான் ராணியாகக் கட்டினேன். நாலாம் வகுப்பில் என் சிநேகிதிகளுக்கு நான் சொன்ன கதைப்படி, லதா ராணி பம்பாயில் இருக்கிறார். வெள்ளைக் கார். கடலைப் பார்த்த மாடி. ஒருநாள் வந்து என்னைக் கூட்டிப் போவார். இந்தக் கதையை எத்தனை தடவை சொன்னேனோ... எட்டாம் வகுப்பு வரும்போது நானே பாதி நம்பிவிட்டேன்.

இதெல்லாம் ஏன் இப்போ? ரஷ்யாவில் எனக்கு நடந்ததைச் சொல்வதற்கு இது வேணும். கொஞ்சம் பொறுங்க.

2007-ல் அப்பா அரை ஏக்கர் வித்து என்னை டாக்டருக்குப் படிக்க ரஷ்யாவுக்கு அனுப்பினார். மாஸ்கோவில் இறங்கி, ராத்திரி முழுக்க ரயிலில் போனால் வோல்கா நதிக்கரையில் சமாரா. முதல் வருஷம் பாதி நேரம் ரஷ்ய மொழி க்ளாஸ்தான். என் பாஸ்போர்ட்டை ரஷ்ய எழுத்துக்கு மாற்றினவர் யாரோ என்னை ‘லாத்ஹா’ ஆக்கியிருந்தார். டீச்சர் அதைத் திக்கித் திணறிப் படித்துவிட்டு, “நீயே சொல்லு” என்றார். வயசான அம்மா. மூக்குக் கண்ணாடிக்குச் சங்கிலி போட்டிருப்பார்.

“லதா” என்றேன்.

“லாதா!” என்று அவர் முகமே மலர்ந்துவிட்டது. க்ளாஸே திரும்பிப் பார்த்தது.

ஒரு நிமிஷம் இங்கே நிறுத்துகிறேன். ‘தம்பி’யில் வரும் த-வையும் ‘லதா’வில் வரும் த-வையும் சொல்லிப் பாருங்கள். ஒண்ணா? இல்லை. முதல் இடத்தில் அழுத்தம், நடுவில் வந்தால் மெத்தென்று இருக்கும். நமக்கு எழுத்து ஒன்று, ஒலி ரெண்டு. ரஷ்யர்களுக்கு அந்த மெத்து த-வுக்குத் தனி எழுத்தே இருக்கிறது. அந்த எழுத்தைப் போட்டு என் பேரை எழுதினால் அவர்கள் ஊர்ப் பெண் பேர் ஒன்று ரெடி. நம்ம பத்திரிகைகளில் ‘லாடா கார்’ என்று எழுதுகிறோமே, அதே பேர். அவர்கள் வாயில் நம்ம ட கிடையாது. அது லாதாதான்.

சமாராவில் இருந்துகொண்டு அந்தக் காரிலிருந்து தப்பவே முடியாது. பக்கத்து ஊர் தல்யாத்தியில்தான் அதன் ஃபேக்டரி. 1970-ல் இத்தாலியின் ஃபியட் 124 மாடலை வைத்து ஆரம்பித்தார்கள். உள்ளூரில் விற்ற வண்டிக்கு, அங்கே வோல்கா ஓரமாக நிற்கும் மலைகளின் பேரில் ‘ஜிகுலி’. வெளிநாட்டுக்குப் போனால் ‘லாதா’. அப்புறம் எல்லாமே லாதாவாகிவிட்டது. ஹாஸ்டல் பசங்க என்னைப் பார்த்தால் வாயாலேயே கியர் போடுவார்கள். கேரளத்து சீனியர் ஒருத்தர், “ஸ்டார்ட் ஆயோ?” என்று தினமும் விசாரிப்பார். செம கடுப்பு!

என்னைக் காப்பாற்றியது ரூம்மேட். சுவாஷியாக்காரி. “காரை விடு. லாதா எங்க பழைய சாமி. காதல் தெய்வம்! கல்யாணம், வசந்தம், அழகு எல்லாம் அவள்தான்” என்றாள். புத்தகத்தில் படமும் காட்டினாள். கோதுமை நிறக் கூந்தல், தலையில் பூ வளையம். அடுத்த வாரம் லேப்டாப்பில் ஒரு படமும் போட்டுக் காட்டினாள். 1959-ல் வந்த செக் நாட்டுத் தேவதைக் கதை. நெற்றியில் தங்க நட்சத்திரத்தோடு பிறந்த இளவரசி. அவள் பேரும் லாதா! உலகத்தையே ஆளுகிறேன் என்று அலட்டும் ஒரு ராஜா அவளைக் கட்டிக்கொடு என்று மிரட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். பிடிக்காதவனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று இவள் எலித்தோல் கோட்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டு, நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு அரண்மனையை விட்டே ஓடிவிடுகிறாள். அடுத்த தேசத்து அரண்மனையில் சமையல்கட்டு எடுபிடி வேலை. கோட்டுக்குள் இருப்பது யார் என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

படம் முடிந்ததும் நான் அழுதுகொண்டிருந்தேன். “இது காமெடிப் படம்” என்றாள் ரூம்மேட் குழப்பத்தோடு. எனக்கு அரிசிப் பானைக்குள் இருந்த ரெட்டை ஜடை ஞாபகம் வந்துவிட்டதை அரைகுறை ரஷ்யனில் எப்படிச் சொல்ல?

ஆனால், அன்றையிலிருந்து எனக்கு ஏறிய கெத்து இருக்கே... ஒரு பக்கம் தெய்வம், இன்னொரு பக்கம் இளவரசி. லைப்ரேரியன் பேர், கெமிஸ்ட்ரி மிஸ் பேர் என்று இருந்தது போய், நான் ‘காதல் தெய்வத்தின் பேர்க்காரி’! ஊருக்கு போன் போட்டு, “அப்பத்தா, என் பேர் இங்கே சாமி பேர்!” என்றேன். “அங்கிட்டும் சாமி இருக்கா? கும்புட்டுக்க” என்றதோடு சரி.

2009 பிப்ரவரி கடைசி வாரம் மஸ்லெனித்சா திருவிழா வந்தது. குளிர்காலத்துக்கு டாட்டா காட்டும் விழா. வீதியெல்லாம் தோசை மாதிரி ப்ளினி சுட்டுத் தின்பார்கள், வைக்கோல் பொம்மையைக் கொளுத்துவார்கள். எங்கள் ஹாஸ்டலிலும் கலை நிகழ்ச்சி. நான்தான் லாதா. அட்டையில் கிரீடம், ஜரிகைக் காகிதத்தில் நட்சத்திரம், மேலே அம்மா கொடுத்தனுப்பின பட்டுப்புடவை. மனப்பாடம் செய்த ரஷ்யனில் முழங்கினேன்: “நான் லாதா! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணின் காதலர்கள் என்னை வணங்கினார்கள்!” விசில் பறந்தது. கியர் போட்ட பசங்களே கை தட்டினார்கள்.

மறுநாள் டீச்சர் டீ குடிக்கக் கூப்பிட்டார். புடவை அழகு என்றார். உச்சரிப்பு நன்று என்றார். அப்புறம், ரொம்ப மெதுவாக, “ஒன்றே ஒன்று... அப்படி ஒரு தெய்வம் இருந்ததாகச் சாட்சி எதுவும் இல்லை, தெரியுமா?” என்றார்.

பல்பு! அதுவும் ஆயிரம் வாட்ஸ் பல்பு!

அவர் சொன்னதையும், பிடிவாதத்தில் நான் அப்புறம் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். 980-ல் கீவ் நகர இளவரசர் விளாதிமிர் மலைமேல் ஆறு சாமி சிலை வைத்தார் என்று பழைய வரலாற்று நூல் பட்டியல் போடுகிறது. பெரூன், ஹோர்ஸ், தாஷ்போக், ஸ்திரிபோக், சிமார்கல், மொகோஷ். இதில் பெண் சாமி மொகோஷ் மட்டும்தான். லாதா இல்லை. 988-ல் அதே விளாதிமிர் கிறிஸ்தவத்துக்கு மாறி சிலைகளைச் சாய்த்துவிட்டார்.

அப்புறம் லாதா எங்கிருந்து வந்தாள்? பாட்டிலிருந்து. அதுவும் பாட்டின் பொருளிலிருந்து இல்லை, அடி முடிவில் வரும் இழுப்பிலிருந்து! வசந்த காலக் கூத்திலும் கல்யாணப் பாட்டிலும் கிராமத்து ஜனங்கள் ‘லாதோ’, ‘லெல்’ என்று சேர்த்துப் பாடுவார்கள். 15-ஆம் நூற்றாண்டில் போலந்தின் பாதிரியார்கள், “பண்டிகை நாளில் இப்படியெல்லாம் கத்தி ஆடாதீர்கள், இது பழைய சாமிகளைக் கூப்பிடுவது” என்று கண்டித்து எழுதினார்கள். அதே நூற்றாண்டில் யான் த்லுகோஷ் என்ற வரலாற்று ஆசிரியர் போலந்தின் பழைய சாமிகளுக்கு ரோமானிய சாமிகளை ஜோடி சேர்த்துப் பட்டியல் போட்டார். அதில் லாதா யார் தெரியுமா? மார்ஸ்! போர்க் கடவுள். 1674-ல் கீவில் அச்சான ஒரு வரலாற்றுச் சுருக்கத்தில் ‘லாதோ’ மகிழ்ச்சிக்கும் கல்யாணத்துக்குமான ஆண் சாமி. 18-ஆம் நூற்றாண்டு ரஷ்ய எழுத்தாளர்களுக்கு, கிரேக்கர்களுக்கு இருக்கிற மாதிரி தங்களுக்கும் ஒரு வீனஸ் வேண்டியிருந்தது. லாதா பெண்ணானாள், காதல் தெய்வமானாள், லெல் அவள் பிள்ளையானான். 1768-ல் இந்தச் சாமிகளையெல்லாம் தொகுத்துப் புத்தகம் போட்ட மிகயீல் பப்போவ், இது சரித்திரக்காரர்களைவிடக் கவிஞர்களுக்குத்தான் உதவும் என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனா முன்னுரையை யார் படிக்கிறாங்க!

போலந்து அறிஞர் அலெக்சாந்தர் ப்ரூக்னர், இவையெல்லாம் பாட்டின் வெறும் பல்லவிச் சொற்கள்தான் என்று வாதாடினார். எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். சோவியத் அறிஞர் பரீஸ் ரிபகோவ் 1981-ல் எழுதிய தடிமனான புத்தகத்தில் லாதாவை நிஜமான பெரிய தெய்வம் என்றே சாதித்தார். பழைய மதத்துக்குத் திரும்புகிறோம் என்பவர்கள் இன்றைக்கும் அவளைக் கும்பிடுகிறார்கள். கும்பிடுகிறவர்களிடம் போய் ப்ரூக்னர் பேரைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

நம்மை மட்டும் குறைச்சலாக நினைக்க வேண்டாம். படகுக்காரர்கள் பாடும் ‘ஏலேலோ’வுக்கு என்ன கதை சொல்கிறோம்? வள்ளுவரின் நண்பர் ஏலேலசிங்கர் என்ற கப்பல் வணிகர், அவர் பேரைத்தான் பாடுகிறார்கள் என்கிறோம். நான் டீச்சரிடம் இதைச் சொன்னதும் அவர் கை தட்டிச் சிரித்துவிட்டார். இழுத்துப் பாட ஒரு சொல் கிடைத்தால் அதற்கு ஆள் பிடித்துத் தருவதில் எல்லா ஊரும் ஒண்ணுதான் போல.

“சரி, அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தமும் கிடையாதா?” என்று கேட்டேன். உள்ளே அழுகை முட்டிக்கொண்டு நின்றது. ஒண்ணுமில்லாத ஒண்ணுக்கா நேற்று கிரீடம் வைத்துக்கொண்டேன்?

டீச்சர் எழுந்து போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். இகோர் என்ற இளவரசன் 1185-ல் படையெடுத்துப் போய்ச் சிறைப்பட்ட கதை. அவன் மனைவி கோட்டைச் சுவரில் நின்று காற்றிடமும் ஆற்றிடமும் சூரியனிடமும் அழுகிறாள். அந்த அழுகையில் அவனை அவள் கூப்பிடும் சொல் ‘லாதா’. என் ஆசைக்குரியவனே என்று அர்த்தம். “சாமி இல்லை. நம்மை விட்டுப் போன, நாம் திரும்பி வர வேண்டும் என்று நினைக்கிற ஆள். ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம்” என்றார். பிறகு கோப்பையை நகர்த்தியபடி, “நீ ஒரு நாளைக்கு நூறு தடவை ‘லாத்னா’ என்கிறாயே, அதுவும் இதற்குச் சொந்தம்தான்” என்றார். லாத்னா என்றால் ‘சரி’. ‘ஓகே’. அவ்வளவுதான்.

ஹாஸ்டலுக்குப் பனியில் நடந்து வந்தேன். பாட்டின் அடி முடிவில் வருகிற பேர்... விட்டுப் போன ஆள்... எனக்கு நடு ரோட்டில் உறைத்தது.

காலிங் கார்டைச் சுரண்டி ஊருக்கு போன் போட்டேன். “அப்பத்தா, நீ பாடுவியே தாலாட்டு... அதுல வர்ற லதா நான்தானே?”

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. கார்டில் நிமிஷம் கரைகிறது.

“நீ பொறக்குறதுக்கு முந்தியே அந்தப் பாட்டு இருந்துச்சு ஆத்தா” என்றது அப்பத்தா.

அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அவ திருப்பூர்ல இருக்கா. உங்கப்பனுக்குத் தெரியாது” என்றது. இருபத்து மூணு வருஷமாக!

2010 லீவில் வந்தபோது, ஃப்ரெண்டைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுத் திருப்பூர் போனேன். லைன் வீடு. வாசலில் பழைய டிவிஎஸ் 50. உள்ளே பனியன் கம்பெனி வேலை முடிந்து வந்த ஒரு அம்மா உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். நரைத்த முடி. ஒற்றைக் கொண்டை. வாசலில் நான் நிற்பதைப் பார்த்து, “யாரு?” என்றார்.

“லதா...”

“நாந்தான் லதா. நீங்க யாரு?”

என்ன சொல்ல? “நானும்தான்” என்றேன்.

கட்டிப் பிடித்து அழுவார் என்று எதிர்பார்த்தீர்களா? நானும் எதிர்பார்த்தேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “பேரை வெச்சுருச்சா கிழவி” என்றார். டீ போட்டார். மாமா லாரி ஆபீஸ் வேலைக்குப் போயிருக்கிறார், பையன் பாலிடெக்னிக் என்றார். நான் தாலாட்டைப் பற்றிச் சொன்னதும் சட்டென்று கோபம் வந்துவிட்டது. “பாட்டா? நான் கிளம்புன அன்னிக்கு விறகுக் கட்டையால அடிச்சது அந்தம்மாதான். இந்தா பாரு தழும்பு. இப்ப பாட்டு பாடுதாமா?”

நான் கட்டின ராணியிடம் தழும்பு இருந்ததில்லை. அப்பத்தா அடித்திருக்கும் என்றும் நான் நினைத்ததில்லை. அந்தச் சின்ன வீட்டில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே இருந்தேன். நாலாம் வகுப்புக் கதையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்து, கடைசியில் சொல்லிவிட்டேன். பம்பாய், மாடி, வெள்ளைக் கார், எல்லாம்.

அத்தை முதல்முறையாகச் சிரித்தார். “வெள்ளைக் காரா? டிவிஎஸ்ஸுக்கே ட்யூ கட்டி முடிக்க ரெண்டு வருஷம் ஆச்சு.” கொஞ்ச நேரம் கழித்து, “கார்ல நான் எங்க உக்காந்திருப்பேன், முன்னாடியா பின்னாடியா?” என்று கேட்டார்.

“முன்னாடி. நீங்கதான் ஓட்டுவீங்க.”

“ம்... அப்ப சரி.”

கிளம்பும்போது போன் நம்பர் வாங்கிக்கொண்டார். ரஷ்யனில் ஏதாவது சொல்லிக் கொடு என்றார். எனக்குச் சட்டென்று வந்தது ‘லாத்னா’தான். அதன் பிறகு போனில் பேசி முடிக்கும்போதெல்லாம், “லாத்னா, வெச்சுர்றேன்” என்பார். அப்பத்தாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். நானும் எடுக்க மாட்டேன். வருஷங்கள் போயின.

2014-ல் அப்பத்தா இறந்துபோனது. நான் படிப்பை முடித்து வந்து, இந்தியாவில் டாக்டராக வேலை பார்ப்பதற்கான தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அத்தைக்குச் சொன்னது நான்தான். வருவார் என்று நினைக்கவில்லை. மத்தியானம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஊரே பார்க்க, வீட்டுக்குள் வராமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அப்பா திண்ணையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணி குடிக்கவில்லை. பாடை கட்டுகிறவர்கள் ஏதோ கேட்டார்கள். பதில் சொல்லத் தொண்டை வரவில்லை அவருக்கு. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், “லதா... தண்ணி கொண்டா” என்றார்.

நான் திரும்பினேன். வேப்பமரத்தடியில் அத்தையும் எழுந்துவிட்டார்.

நான் அப்படியே நின்றுகொண்டேன். அத்தை முற்றத்தைக் கடந்து, எங்களைத் தாண்டி, எந்த மூலையில் பானை இருக்கிறது என்று யாரிடமும் கேட்காமல் உள்ளே போனார்.